பயணம், ஆரோக்கியதாஸ் நினைவாக

ஜூலை 14, திங்கள்

வண்டிக்கு அடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. நாலு. எதிர்வீட்டு கௌசல்யா வந்து, "அக்கா, ஒங்க வண்டி பிரசவ ஆசுபத்திரியாப் போச்சு" என்கிறாள். போன மாசம் அதில் குளவி கூடு கட்டியது. அதற்கு முந்தி முருங்கை இலை உதிர்ந்து கூரை மேல் மெத்தை மாதிரி கிடந்தது. என் வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸ் வாங்கிய பிக்கப்பில் ஆரோக்கியதாஸைத் தவிர எல்லோரும் குடியிருந்துவிட்டார்கள்.

பேர் ஆரோக்கியம். போனது நெஞ்சடைத்து. என் பேர் வியாகுலம்மாள். ஞானஸ்நானத்தில் வைத்த பேர். அந்தப் பேருக்கு இப்போதுதான் முழு நேர வேலை கிடைத்திருக்கிறது.

இதை எழுதச் சொன்னது என் மகள் பாத்திமா. ஓசூரில் இருக்கிறாள். நான் வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று கௌசல்யா அவளிடம் வத்தி வைத்துவிட்டாள். "அம்மா, பேசாத, எழுது. பேசுனா தெருவுக்கே கேக்குது." நான் படித்தது ஆறாவது. பிழை பார்க்க யாரும் வரப்போவதில்லை.

சாயங்காலம் கொழுந்தன் ஆண்டனிராஜ் வந்தான். நவம்பரில் அவருக்கு முதல் ஆண்டுப் பூசை. அது முடிந்த கையோடு வண்டியை ஒட்டன்சத்திரத்துத் தக்காளி வியாபாரி ஒருத்தரிடம் தள்ளிவிடலாம் என்றான். "மதினி, ஒங்களுக்கு எதுக்கு இந்தத் தகரம்?"

"எடுத்துட்டுப் போப்பா. நாய்க்குட்டியையும் சேத்து."

ஜூலை 15

குட்டி மூணுதான். நாலாவது அவருடைய பழைய செருப்பு.

ஜூலை 27, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து வண்டியைத் திறந்து பார்த்தேன். இத்தனை மாசமாகத் திறக்கவில்லை.

முப்பது வருசம் வேடசந்தூர் மில் பஸ் ஓட்டினார். ஷிப்டுக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது, இறக்கிவிட்டுத் திரும்புவது. ஒரே ரோடு, ஒரே வேகத்தடை, ஒரே டீக்கடை. ஓய்வு பெற்றதும் மனுசன் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். எவனோ ஒருத்தன் வண்டியிலேயே சமைக்கிறான், வண்டியிலேயே படுக்கிறான், பனிமலையில் நின்று டீ குடிக்கிறான். வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்க இவருக்கு என்ன கேடு? அடுத்த மாசம் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்று வாசலில் வந்து நின்றது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பின்னால் கண்ணாடி ஜன்னல் வைத்த நீளத் தகரக் கூண்டு. தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு குழாய். பக்கத்தில் இழுத்து விரிக்கிற பந்தல். வெள்ளத்தில் போனாலும் இஞ்சின் மூச்சு விடுவதற்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். திண்டுக்கல்லில் குடிக்கவே தண்ணீர் வாரம் ஒரு தரம்தான் வருகிறது, இதில் வெள்ளமாம். அப்புறம் ஆரஞ்சு நிறத்தில், உடம்பெல்லாம் ஓட்டையாக, ரெண்டு நீளப் பலகை. சக்கரம் சேற்றில் மாட்டினால் அடியில் கொடுக்கவாம்.

"எங்க போறதா உத்தேசம்?" என்று கேட்டேன்.

"மொதல்ல பன்றிமலை. பெறகு அப்படியே வடக்க."

"வடக்கன்னா?"

"லடாக்கு."

"அங்க யாரு ஒங்களுக்குச் சோத்த வடிச்சு வச்சிருக்கா?"

சிரித்தார். அவ்வளவுதான். நீயும் வாரியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. செத்தது வேறு விஷயம். சாவுக்கு யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. லடாக்குக்குக் கூப்பிட்டிருக்கலாம்ல?

பன்றிமலைக்குக்கூடப் போகவில்லை. படுக்கை வேலை பாதியில் நிற்கும்போதே போய்விட்டார். பசி என்று எனக்கு ஒன்று இருந்தது, அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காலையில் தெருவுக்கெல்லாம் இடியாப்பம் பிழிந்து கொடுக்கிறேன். எனக்கு ஒன்று எடுத்து வைக்கத் தோன்றுவதில்லை.

ஆகஸ்ட் 2

அந்த ஓட்டைப் பலகையில் மோர்மிளகாய் காயப்போட்டேன். காற்றோட்டம் அருமை. ஒரு வழியாக இவர் வாங்கினதில் ஒன்று உபயோகப்பட்டது.

ஆகஸ்ட் 9, சனி

கௌசல்யா மகள் தீபாவுக்குக் கல்யாணம். பந்தல் போட வேண்டும், வண்டியை நகர்த்து என்றார்கள். ஆண்டனிராஜுக்கு போன் போட்டால் வேலை இருக்கிறதாம். பந்தல்காரர்கள் ஆறு பேர் பின்னால் தள்ளினார்கள். நான் ஸ்டீரிங்கைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி அதன் இஷ்டத்துக்குப் போய் ரேசன்கடைத் திண்டில் முட்டி நின்றது.

"திருப்புங்கக்கா!" என்று கத்தினார்கள். எந்தப் பக்கம் என்று ஒருத்தனும் சொல்லவில்லை.

ஒரு ஊரே சேர்ந்து பார்த்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு வாசலுக்கு வெளியே நான் சிரித்தது இன்றைக்குத்தான். உடனே வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன்?

ஆகஸ்ட் 18, திங்கள்

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். விற்கிறவரை வண்டியை நகர்த்தி வைக்கவாவது தெரிய வேண்டாமா? பாத்திமாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

சொல்லிக்கொடுப்பது பக்ருன்னிசா என்று ஒரு பெண். பேகம்பூர்க்காரி. என்னைவிடப் பத்து வயசு சின்னவள். வாய் மட்டும் மூத்தது. "அக்கா, கிளச்ச ஏன் இப்படிப் போட்டு மிதிக்கிறீங்க? அது என்ன கரப்பான்பூச்சியா?"

"இடியாப்பம் பிழியிற ஆளும்மா நான். அமுக்கித்தான் பழக்கம்."

"யா அல்லா. அப்ப பிரேக்கயும் அமுக்குங்க, லாரி வருது!"

முன்னால் போவது வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கை எதிர்ப்பக்கம் போகிறது. "பின்னாடி பாக்குறத நிறுத்துனாத்தான் உங்களுக்கு ரிவர்ஸே வரும்" என்கிறாள். கண்ணாடியில் பார்க்கச் சொன்னாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

கூண்டுக்குப் பின்கதவு இன்னும் மாட்டவில்லை. அதை மாட்டினால்தான் வாங்குகிறவன் வாங்குவான் என்றான் ஆண்டனிராஜ். பக்ரு பக்கத்தில் உட்கார, நானே பழனி ரோட்டில் ஒச்சப்பன் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒச்சப்பன்தான் கூண்டு கட்டினவன். என்னைப் பார்த்ததும் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதான். கழற்றச் சொன்னேன். அவன் முகம் தெரியாமல் நான் எப்படி ஆறுதல் சொல்வது?

"கதவு ஒரு நாள் வேலை மதினி. படுக்கையும் பாதி நிக்குது. முடிச்சிரவா?"

"விக்கப் போற வண்டிக்கு எதுக்குப் படுக்கை?"

"அளவெல்லாம் எடுத்துட்டோம்ல." பட்டறைத் தரையைக் காட்டினான். "அண்ணன் இங்கனதான் படுத்தாரு. சுத்திச் சாக்பீஸ்ல கோடு போட்டேன். தலை எந்தப் பக்கம்ணேன்னு கேட்டேன். இஞ்சின் பக்கம்னாரு. வண்டி வடக்க பாத்து நின்னா தலை வடக்க வருமேண்ணேன்னேன். அப்ப திருப்பி நிறுத்திக்கிருவேன்டான்னாரு."

"நீளம் சரி. அகலம் எதுக்கு இம்புட்டு? அவரு ஒல்லிப்பிச்சான்தான?"

ஒச்சப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ரெண்டு வெங்காய மூட்டைய எடுத்தாந்து பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுத்தாரு, மதினி."

"எதுக்கு?"

"நீங்கதான் அது."

பக்ரு திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் கழுதை.

"ரெண்டு மூட்டை காணாது, மூணாவது ஒண்ணு கொண்டான்னாரு" என்றான் ஒச்சப்பன். "அம்புட்டு எடம் வண்டில இல்லண்ணேன்னு நாந்தான் தடுத்தேன்."

"பெல்லாரியா, சின்ன வெங்காயமா?" என்று கேட்டேன்.

"சின்ன வெங்காயம்."

படுக்கையை முடிக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரெண்டு மூட்டை அகலத்துக்கே.

யோவ் ஆரோக்கியம். மூட்டைகிட்ட சொன்னீரே, எங்கிட்ட சொன்னீரா? நான் என்ன, சோத்துப் பானையத் தூக்கி அடிச்சிருப்பேனா? அடிச்சிருப்பேன். அடிச்சிட்டு வந்திருப்பேன்ல.

ஆகஸ்ட் 31

வெங்காயம் உரிக்கவில்லை. குழம்பு இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்த நாள். நல்ல நாள் என்று ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். வண்டிக்குப் 'பயணம்' என்று பேர் வைக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விற்கிற வண்டிக்கு எதற்குப் பேர் என்றும் யோசித்தேன். இருக்கட்டும், ரெண்டு மாசமாவது பேரோடு நிற்கட்டும்.

கடைக்காரன் விக்னேஷ்குமார் நல்ல மாதிரி. மேலே ஒரு சிலுவை, நடுவில் பயணம், கீழே ஆரோக்கியதாஸ் நினைவாக, பின்கதவில் அவர் படம் என்று சொன்னேன். "விடுங்கம்மா, நான் பாத்துச் சிறப்பாப் பண்ணிர்றேன். நீங்க நாளைக்கு வாங்க" என்றான்.

செப்டம்பர் 9

சிறப்பாகப் பண்ணிவிட்டான். ரெண்டு பக்கமும் வெள்ளைப் புறா, சுற்றிக் கறுப்புக் கோடு, அடியில் 'தொடர்புக்கு' என்று என் போன் நம்பர். நம்பரும் புறாவும் அவன் அன்பளிப்பாம். நல்ல பையன்.

செப்டம்பர் 13, சனி

காலையில் புது நம்பரிலிருந்து போன். இடியாப்பம் ஆர்டர் என்று நினைத்து எடுத்தேன். பேசினதை அப்படியே எழுதுகிறேன், பாத்திமா படித்தால் நம்ப மாட்டாள்.

"அம்மா, இன்னைக்குக் கெடைக்குங்களா?"

"கெடைக்கும்பா. எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்குத்தாம்மா."

"ஒருத்தருக்கெல்லாம் தனியா வர மாட்டேன். சரி, எப்ப வேணும்?"

"சாயங்காலம் எடுக்கிறோம்."

"சூடா வேணுமா?"

அந்தப் பக்கம் யாரிடமோ கிசுகிசுவென்று கேட்கிற சத்தம். பிறகு, "ஐஸ் பெட்டில வச்சிருக்கோம்மா" என்றது குரல்.

போனை வைத்துவிட்டு வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். முதல் தடவையாக வேற்று ஆள் கண்ணால் பார்த்தேன். வெள்ளை வண்டி. நீளக் கூண்டு. ரெண்டு பக்கமும் கண்ணாடி. சிலுவை, புறா, பயணம், நினைவாக. அட மாதாவே. இது சவ வண்டி.

செப்டம்பர் 15, திங்கள்

ஆண்டனிராஜ் வந்து குதித்தான். "மதினி, அண்ணன் கேம்ப் போகக் கட்டுன வண்டிய நீங்க பாடையாக்கிட்டீகளே! இதப் பாத்தா அந்தாளு தொடுவானா?"

"ஒங்கண்ணன் பேரு போட்டது தப்பா?"

"பேரு போட்டது தப்பில்ல. பேருக்கு மேல பயணம்னு போட்டதுதான் தப்பு."

சுரண்டிவிடுகிறேன் என்று சொன்னேன். தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் படத்துக்கு எதிரில் தோசைக்கரண்டியோடு நின்றேன். உயிரோடு இருந்தபோதும் இப்படி நின்றிருக்கிறேன். அப்போதும் ஒன்றும் செய்ததில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பக்ருவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வண்டியை மந்திரிக்கக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பங்குச் சாமியார் தீர்த்தத்தோடு வெளியே வந்தவர், வண்டியைப் பார்த்ததும் உள்ளே திரும்பிப் போய் சாவுக்குப் போடுகிற ஊதா நிறப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "யாரும்மா தவறிட்டாங்க? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே."

விஷயத்தைச் சொன்னேன். சாமியார் வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு ரெண்டு தடவை தீர்த்தம் தெளித்தார். ஒன்று வண்டிக்கு. இன்னொன்று, "உள்ள யாராச்சும் வந்தா உதவட்டும்."

அவர் வாய் முகூர்த்தம் என்ன செய்யப்போகிறதோ.

அக்டோபர் 7

லைசன்ஸ் டெஸ்ட். ரிவர்ஸில் கொடியைச் சாய்த்துவிட்டேன். பெயில். ஆறாவதோடு நின்றவளுக்குப் பெயில் புதுசில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

பாஸ். கண்ணாடியில் மட்டும் பார்த்தேன். பக்ரு மைதானத்துக்கு வெளியே நின்று விசில் அடித்தாள். அதிகாரி அவளை முறைத்தார்.

வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது என்று நின்றேன். வண்டிக்கு அடியிலிருந்து நாய்க்குட்டி வந்தது. மற்ற ரெண்டையும் ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது இது. செருப்போடு செருப்பாகக் கிடந்ததால் பேர் செருப்பு. செருப்பிடம் சொன்னேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி நிற்கவில்லை, அடைமழை. குடையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி இந்த மாசம் போகுதுய்யா" என்று சொன்னேன். உயிரோடு இருந்தபோதே மனுசன் பதில் சொல்ல அரை நாள் ஆகும்.

நவம்பர் 15, சனி. பன்றிமலைக்கு மேலே

நேற்றையதை எழுதுகிறேன்.

காலையில் போன். தினமும் ஒன்று ரெண்டு வருவதுதான், "அது சவ வண்டி இல்லப்பா" என்று சொல்லி வைத்துவிடுவேன். இது பெண் குரல். பேர் மூக்காயி. பன்றிமலைக்கு மேலே ஏதோ ஒரு சின்ன ஊர். புருசன் திண்டுக்கல் ஆசுபத்திரியில் முந்தின நாள் போய்விட்டார். மழையில் மேல்பாதை அரித்துவிட்டதாம், எந்த வண்டியும் அடிவாரத்துக்கு மேல் வராது என்கிறார்களாம். ஆசுபத்திரி வாசல் டீக்கடையில் இருந்த, என் வண்டியை முன்பே பார்த்த ஒருத்தன் நம்பர் கொடுத்திருக்கிறான். "ஒங்க வண்டி ஒசரமா இருக்குமாம்ல தாயி. காடு மேடெல்லாம் ஏறுமாம்ல."

இல்லைம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். "வாரேன்" என்று வந்தது.

பக்ருவுக்கு போன் போட்டேன். "அக்கா, லைசன்ஸ் வாங்கி மூணு வாரம் ஆகல. மலையா? மழையிலயா? பொணமா?" என்றாள். "வா" என்றேன். திட்டிக்கொண்டே வந்தாள்.

ஒச்சப்பன் போட்ட படுக்கையில் மூக்காயி புருசனைப் படுக்க வைத்தார்கள். ஆறடிப் படுக்கைக்கு அவர் கச்சிதமாக இருந்தார். பக்கத்தில் ரெண்டு மூட்டை இடத்தில் மூக்காயியின் அண்ணனும் இன்னொரு சொந்தக்காரரும் உட்கார்ந்தார்கள். மூக்காயி முன்னால், எனக்கும் பக்ருவுக்கும் நடுவில். அவள் மடியில் கியர்.

தர்மத்துப்பட்டி தாண்டி மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் நான் மாதாவைக் கூப்பிட்டேன், பக்ரு அல்லாவைக் கூப்பிட்டாள், மூக்காயி யாரையும் கூப்பிடவில்லை.

"அக்கா, அவசரப்படாதீங்க. பின்னாடி இருக்கவரு எதும் சொல்ல மாட்டாரு" என்றாள் பக்ரு. சொன்ன பிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூக்காயி மெல்ல, "உசுரோட இருக்கையிலயும் சொல்ல மாட்டாரு" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். "பின்னாடி படத்துல இருக்காரே, ஒங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"அவருதான் இத ஓட்டுனாரா?"

"வாசல் வரைக்கும்."

"நல்ல மெத்தை போட்டு வச்சிருக்காரு. படுத்துப் பாத்தீகளா?"

"இல்ல."

"எம்புருசன் முந்திக்கிட்டாரே" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்கட்டும். நல்லாத் தூங்கட்டும்" என்றேன்.

பன்றிமலை தாண்டி மண் பாதை. அது பாதை இல்லை, பாதையின் எலும்பு. நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் பக்ரு போட்டுக் கொடுத்தாள். ஓடையில் தண்ணீர் சக்கரத்தை மூடியது. வண்டி தும்பிக்கையால் மூச்சு விட்டுக்கொண்டே ஏறியது. வெள்ளத்துக்குத்தான் என்று அவர் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பு என்ன! அக்கரையில் சேற்றில் பின்சக்கரம் புதைந்துவிட்டது. இஞ்சின் கத்துகிறது, வண்டி அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பொணத்தக்கூட ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேக்க முடியலையே.

"பலகை இல்லயாக்கா? ஆரஞ்சுப் பலகை? வீடியோல எல்லாம் வச்சிருப்பாங்களே!"

இருந்தது. காயப்போட்ட மோர்மிளகாய் ஓட்டைகளில் ஒட்டியபடியே, கூரையில் தார்ப்பாயில் சுற்றிக் கட்டியிருந்தது. அண்ணன்காரர் இறங்கி அடியில் கொடுத்தார். நான் அமுக்கினேன். சக்கரம் பலகையைக் கடித்துச் சுற்ற, அவ்வளவு மோர்மிளகாயும் கருகிப் புகையாக எழுந்தது. பக்ரு தும்மினாள். அண்ணன்காரர் தும்மினார். மூக்காயி அடுக்காகத் தும்மினாள், அழுதாள், தும்மினாள். எது எது என்று தெரியவில்லை. அந்தத் தும்மலுக்கு நடுவில் வண்டி மேலே ஏறி நின்றது.

இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது. மூக்காயி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொன்னாலும் பொய். "பசிக்காது. ஆனா சாப்டு" என்று மட்டும் சொன்னேன். "நீங்க சாப்ட்டீகளா?" என்று திருப்பிக் கேட்டாள்.

பனி இறங்கிவிட்டது, கீழே போக முடியாது. படுக்கையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். வண்டியிலேயே படுப்பது என்று முடிவு. அப்போதுதான் கவனித்தேன். வண்டி வடக்கே பார்த்து நிற்கிறது. தலை வடக்கே வரும். திருப்பி நிறுத்த முழம் இடம் இல்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"தொழுகுற பக்கமாச்சே, எனக்குக் கால் மேக்க நீட்டக்கூடாது, அம்புட்டுத்தான். வடக்கு எனக்கு ஒண்ணும் பண்ணாது" என்று பக்ரு நீட்டிப் படுத்துவிட்டாள்.

வண்டியைத் திருப்ப முடியாததால் நான் என்னைத் திருப்பிக்கொண்டேன். தலை பின்கதவுப் பக்கம், கால் பக்ரு மூஞ்சிப் பக்கம். விடிய விடிய அவள் என் காலைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

இருந்தும் தூங்கினேன். வெங்காய மூட்டைகளின் இடம் எனக்குச் சரியாக இருந்தது. மூணாவது தேவை இல்லைய்யா. இளைத்துவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

ஆண்டுப் பூசை முடிந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அவரை நம்பி இருந்தேன், புறாவைப் பார்த்ததும் ஓடிவிடுவார் என்று. மனுசன் அசையவில்லை.

"இதுல பொணம் போயிருக்குங்க" என்றேன்.

"தக்காளிக்கு அதெல்லாந் தெரியாதுங்கம்மா. ஏனுங்க, அந்தப் படுக்கையப் பிச்சுப் போட்டா இன்னும் நாலஞ்சு கூடை ஏறுமுங்களா?"

ஆண்டனிராஜ் சாவிக்குக் கையை நீட்டினான். நான் சொன்ன சொல் சொன்ன சொல்தான், இல்லை என்று சொல்லவில்லை. சாவி இடுப்பில் இருந்தது. அது ஏன் வெளியே வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

"வண்டி குடுக்கிறதுக்கு இல்ல தம்பி. ஏற்கெனவே ஒரு லோடு பேசியாச்சு."

"லோடா? என்ன லோடு?"

"ரெண்டு மூட்டை வெங்காயம்."

"எங்க போகுது?"

"வடக்க."

மதினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பாத்திமாவுக்கு போன் போட்டான். "மொதல் ஸ்டாப்பு ஓசூர்தான சித்தப்பா? வரட்டும்" என்றாளாம். பூசைச் சாப்பாட்டைத் திங்காமலே போய்விட்டான். வந்த ஆள் மட்டும் உட்கார்ந்து நல்லாச் சாப்பிட்டார்.

நவம்பர் 25

ஆண்டனிராஜ் பேசவில்லை. காலை இடியாப்பம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. சரியாகிவிடும்.

ஜனவரி 17, சனி

இடியாப்பச் சட்டி ஏற்றியாச்சு. பலகை ரெண்டும் ஏற்றியாச்சு. மோர்மிளகாய் தனியாக டப்பாவில். கௌசல்யா, "அக்கா, ஒண்டியாவா போறீக?" என்றாள். செருப்பைக் காட்டினேன். அது முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஜனவரி 19, திங்கள்

நேற்று விடியக்காலம் கிளம்பினேன். வேடசந்தூர் வழியாகப் போகும்போது பார்த்தேன். மில்லுக்குத் திரும்புகிற இடம். முப்பது வருசம் அவர் இடப்பக்கம் கையைக் காட்டித் திரும்பின இடம். நான் நேராகப் போனேன். இந்த ரோடே நேராகப் போனால் காஷ்மீர் வரைக்கும் போகுமாம், பக்ரு சொன்னாள். மனுசன் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அத்தனை வருசமும் ஓட்டியிருக்கிறார்.

ராத்திரி பாத்திமா வீடு. திட்டு, அழுகை, மீன்குழம்பு. "போயிட்டு வா. தினமும் எழுது, போனும் பண்ணு" என்றாள்.

ஜனவரி 21, புதன். ஆந்திராவில் ஏதோ ஊர்

ஊர்ப் பேர் எழுதியிருக்கிறது, எல்லா எழுத்தும் ஜிலேபியாக இருக்கிறது. ஆறாவது படித்தவளும் காலேஜ் படித்தவளும் இங்கே ஒன்றுதான். பெட்ரோல் பங்க் ஓரம் லாரிகளோடு நிறுத்தியிருக்கிறேன். டீக்கடைக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பந்தலை இழுத்துக் காட்டச் சொன்னார், குழாயைத் திறந்து காட்டச் சொன்னார். புறாவைத் தொட்டுப் பார்த்து, நல்லா இருக்கிறது என்று தலையாட்டினார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இங்கே இது வெறும் வண்டி.

நேற்று நிறுத்தும்போதே பார்த்தேன். வடக்கே பார்த்துத்தான் நின்றது. திருப்ப இடம் ஏகமாக இருந்தது, ரிவர்ஸும் இப்போது நன்றாக வருகிறது. திருப்பவில்லை. நானும் திரும்பிப் படுக்கவில்லை. இஞ்சின் பக்கம் தலையை வைத்து, என் பக்கத்தில் நான் படுத்தேன். அவர் பக்கத்தில் செருப்பு.

விடிந்தது. முழிப்பு வந்தது. கையைக் காலை அசைத்துப் பார்த்தேன், எல்லாம் இருந்தது.

பசித்தது. சட்டியை அடுப்பில் வைத்திருக்கிறேன்.